ஏழு தந்தி

வீணையின் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்ததும் ஒரு கைப்பிடி எலிப்புழுக்கை உண்ணாமலையின் மடியில் கொட்டியது. சீ என்று எழுந்து உதறினாள். எழுபது வருஷத்து வீணை என்று அம்மா பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தது, பண்ணையார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைமேல் கிடந்தது. தாசி வீட்டுச் சாமான் உள்ளே வரக்கூடாதாம். அம்மா செத்த பதினாறாம் நாளே வண்டி கட்டிவந்து தூக்கிப்போக மட்டும் எந்தத் தீட்டும் இல்லை.

அதோடு விட்டார்களா? தீட்டுக் கழிய மஞ்சள்தண்ணீர் ஊற்றி, அண்டாவைக் காயவைப்பதுபோல வெயிலில் வைத்திருக்கிறார்கள். மெழுகு இளகி, அதில் பதித்திருந்த இருபத்துநாலு பித்தளை மெட்டும் சரிந்து கிடந்தன.

பத்தடி தள்ளி முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றாள் முத்தாயம்மாள், காலமான பண்ணையாரின் மனைவி. உண்ணாமலைக்கும் அந்தப் பண்ணையார்தான் அப்பா. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மோகனூரில் தெரியாதவரும் இல்லை.

"நாளைக்கு எம்பட புள்ள சாரதாமணியப் பாக்க வாராங்க. தந்தி மட்டும் போட்டுக் குடு. அவிங்க போனதும் வீணைய நீயே எடுத்துக்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் உண்ணாமலை வந்திருந்தாள்.

"மெட்டு வெக்காம வாசிக்க முடியாதுங்கம்மா. ரெண்டு நாள் ஆகுமுங்க."

"ஆரு வாசிக்கறா? புள்ள பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்."

சீமையில் சண்டை வந்ததிலிருந்து எஃகுத் தந்தி கிடைப்பதில்லை. பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசிச் சுருளைப் பிரித்தாள். ஏழு தந்தியும் ஏறின. சுண்டிப் பார்த்தாள். சரிந்த மெட்டில் உரசிக் கரகரவென்றது. அம்மா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

சத்தம் கேட்டுச் சாரதாமணி ஓடிவந்து கைநீட்டினாள். நீண்ட, நுனி வளைந்த விரல்கள். உண்ணாமலை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"தொடாத சாமி, அவ கை பட்டிருக்குது."

உண்ணாமலை தடுக்க வாயெடுப்பதற்குள், முத்தாயம்மாள் ஒரு செம்புக் கோமியத்தைப் புதுத் தந்திமேல் எட்ட நின்றே வீசி ஊற்றினாள்.

"நாளான்னிக்கு வந்து எடுத்துக்க."

சரிங்க என்று சொல்லத்தான் நினைத்தாள். நாற்றம் மூக்கில் ஏறியது. மாட்டு நாற்றம்கூடப் பரவாயில்லை. இந்தக் கையிலிருந்து அம்மாவின் பொருளை வாங்கிக்கொள்வதை நினைத்தபோதுதான் உடம்பே கூசியது.

"வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்குங்க. தந்தி என்னோடதுங்க."

தந்தியை முறுக்கிப் பிடிக்கும் முதல் பிரடையைத் தளர்த்தினாள். முத்தாயம்மாள் பதறி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கக் கைநீட்டினாள். தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. உண்ணாமலை அவசரப்படாமல் இரண்டாவது தந்தியை அவிழ்த்துச் சுருட்டினாள். பிறகு மூன்றாவது. அந்தக் கை அந்தரத்திலேயே நின்றது.