எண்பத்தேழாம் பக்கம்

1.

இந்தக் கதையை எழுதுவதற்கு முன்பே நான் இதை ஒரு தடவை டைப் அடித்துவிட்டேன். நான்கு படிகள், நடுவில் மூன்று கார்பன் தாள், முழுக்க ஆங்கிலம். அப்போது அதற்குக் கதை என்று பெயர் இல்லை, எம்.லிட். ஆய்வேடு. 'காஞ்சிபுரம் பட்டு நெசவாளரிடையே ஓய்வு விருப்பம்' என்று தலைப்பு. நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். எழுதியவர் தென்னேரி முனிசாமியின் மகன் குமாரசாமி. ஓர் ஆய்வேட்டை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார் என்றால் அது டைப் அடிப்பவர்தான். (கைடு படிப்பார் என்று நினைப்பவர்கள் ஆய்வு மாணவராக இருந்ததில்லை.)

2.

தொடக்கம், முதல் முயற்சி:

'1968 மார்ச் மாதத்தின் ஓர் இனிய காலையில், பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தம் குமாரசாமியை இரு கரம் நீட்டி வர—'

வேண்டாம். அன்றைக்குத் தறிச் சத்தமே இல்லை. கதையே அதுதான்.

இரண்டாம் முயற்சி. குமாரசாமி சமூகவியலில் எம்.ஏ. தேறி, சென்னையில் எம்.லிட்.டுக்குப் பதிவு செய்துகொண்டவர். (பத்து வரிக்குமேல் இந்த மரியாதை எனக்குத் தாங்காது. இனி அவன்.) நூற்றிருபது கேள்விப் பாரங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் முதலில் நெசவாளர் தெருவான பிள்ளையார்பாளையத்துக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கமலவேணியும் அவள் புருஷன் கைலாசமும் தறியில் இருந்தார்கள். கால் குழிக்குள் மிதித்துக்கொண்டிருந்தது, கண் இழையில். "உங்கள் குடும்பத்தில் முடிவுகளை எடுப்பவர் யார்?" என்று அவன் முதல் கேள்வியைப் படித்தான். ஓர் இழை அறுந்தது.

"தபாரு தம்பி, தறியில உக்காந்துக்கினு வாயாட முடியாதுபா," என்றாள் கமலவேணி. "அமாவாசைக்கு வா. அன்னிக்குத் தறியில யாரும் உக்கார மாட்டோம். எத்தினி கேள்வி வேணா கேளு, காபியும் குடுக்கறேன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அமாவாசைக்கு அமாவாசை தென்னேரியிலிருந்து பஸ் ஏறி வந்தான். ஏழு அமாவாசையில் நூற்றிருபது வீடும் முடிந்தது. ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் 'நேரில் கண்ட செயல்' என்று ஒரு கட்டம். அது கைடு சேர்த்தது, அமெரிக்கப் பாரம் ஒன்றில் பார்த்தாராம். குமாரசாமி அதில் கண்டதைக் கண்டபடி எழுதினான். தலை துவட்டுகிறார். வெற்றிலை போடுகிறார். சீட்டாடுகிறார்கள், நால்வர்.* நேர்மைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தேதியை மட்டும் படித்தவன் எழுதுகிற மாதிரி எழுதினான்: 28-3-68, 27-4-68. அப்படி எழுதின கையோடு அமாவாசை அவன் மண்டையிலிருந்து கழன்று போயிற்று.

* பாரம் எண் 64: 'இளம்பெண், பூக் கட்டுகிறாள்.' அது நான்தான். மற்ற நாட்களில் நான் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு வந்து அப்பாவின் தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.

3.

இந்தக் காட்சியில் நான் இல்லை. குமாரசாமி பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். பற்றாததை நானே போட்டுக்கொள்கிறேன். சமூக அறிவியலில் இதற்கு வேறு மரியாதையான பெயர் உண்டு.

கைடு கூட்டிப் பார்த்தார். நூற்றிருபதில் நூற்றொன்பது வீட்டில் யாரும் வேலை செய்யவில்லை.

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! எக்ஸலண்ட், மிஸ்டர் குமாரசாமி. இவங்களுக்கு வேலையைவிட ஓய்வுதான் பிடிக்குதுன்னு நான் முன்னாடியே சொல்லலை?"

சொல்லியிருந்தார், பார்க்காமலே சொல்லியிருந்தார். அந்த வாரமே அதை ஒரு கட்டுரையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார். பெயர் அவருடையது, நன்றி குமாரசாமிக்கு. ஜூனில் ஒரு கல்லூரியில் லெக்சரர் இடம் காலியாகிறது, சொல்லிவைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடும் என்றார். இந்தச் சேதியை அவன் அப்பா முனிசாமி தென்னேரி ஏரிக்கரை முழுக்கச் சொல்லி முடித்தார்.

4.

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் குமாரசாமிக்கு ஒரு காதல் இருந்தது. உண்மையில் இல்லை.

5.

கமலவேணி இவ்வளவு வெடுக்கென்று பேசுவாளா என்று, இதைப் படித்துப் பார்த்த ஒருவர் சந்தேகப்பட்டார். அவர் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் வந்ததில்லை. நான் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை. கடைசி அத்தியாயத்தை என்னிடம் கொடுக்க வந்த குமாரசாமி, வழியில் கமலவேணி வீட்டுக்குப் போனான். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. முடிவுரையைப் பெருமையாகத் தமிழில் எடுத்துச் சொன்னான்.

கமலவேணி தறியை நிறுத்தினாள்.

"யாரு, நாங்க சும்மா குந்திக்கினு இருக்கறமா? நீ வந்ததெல்லாம் அமாவாசைக்குத்தானேப்பா! நட சாத்தின நேரமா பாத்து வரதராஜர் கோயிலுக்குப் போயிட்டு, உள்ள சாமியே இல்லன்னு எழுதுவியா?"

"எழுதுவாரு," என்றார் கைலாசம், தலையைத் தூக்காமல். "படிச்சவராச்சே."

"எம் பேரும் அதுல இருக்குதா?"

"பேரு இல்லக்கா. நம்பர்தான்."

"நம்பருக்குக் கையா இருக்குது, காலா இருக்குது? அதான் சும்மா இருக்குது."

குமாரசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு நேரம் அவனைக் கிண்டல் செய்தேன். இதைக் கிண்டல் செய்யமாட்டேன். அன்று அவன் நிஜமாகவே வெட்கப்பட்டான். மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்க் கைடிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"தேதி சரியா இருக்கு. கூட்டலும் சரியா இருக்கு," என்றார் அவர். "மெதடாலஜியில அமாவாசை எங்கேய்யா வருது? மறுபடி முதல்லேர்ந்து போறதானா போங்க, இன்னொரு வருஷம் ஆகும். அந்த லெக்சரர் இடம் காத்துக்கிட்டிருக்காது."

6.

முடிவு அ: குமாரசாமி பாரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செவ்வாய்க்கிழமை போகிறான். எழுத அழகாக இருக்கும். இப்படிச் செய்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

முடிவு ஆ: வாயை மூடிக்கொண்டு பட்டம் வாங்குகிறான். இது நம்பும்படியே இருக்கிறது, அதனால் யாரும் கதை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

நடந்தது: வியாழக்கிழமை சாயங்காலம் அவன் என் மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு தாளை வைத்தான். இரண்டிலும் மேலே 87 என்று போட்டிருந்தது. ஒன்றில் பழைய முடிவுரை. இன்னொன்றில் அதே முடிவுரை, அதன் கீழே நான்கு வரி: போன நாளெல்லாம் அமாவாசை, அது நெசவாளர்களின் விடுமுறை, ஆகவே இந்தத் தொண்ணூற்றொன்றுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

"சிஸ்டர், ரெண்டுல எது சரின்னு தோணுதோ அத அடிச்சிடுங்க. நான் பாக்கமாட்டேன்."

"நீங்கதானே சார் எழுதினீங்க?"

"அதனாலதான்."

வெளியே போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோடா குடித்தான். உங்கள் குடும்பத்தில் முடிவுகளை எடுப்பவர் யார் என்று நூற்றிருபது வீட்டில் கேட்டவன். இரண்டு வருஷ ஆய்வில் அவன் எடுக்கவேண்டியிருந்தது ஒரே ஒரு முடிவு.

நான் ஒரு தாளை அடித்தேன். மற்றதைச் சுருட்டி எறிந்தேன். பைண்ட் செய்து வந்ததை அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தான்.

7.

பட்டம் கிடைத்தது. அதை வைத்து எந்தத் தாள் என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எந்தத் தாளாக இருந்தாலும் கிடைத்திருக்கும். தேர்வாளர் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைப் பற்றி மட்டும் கேட்டாராம். (என் பிழைதான்.) இப்போது 1976. குமாரசாமியிடம் மூன்று பேர் எம்.லிட். செய்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தவன், இந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டான்.

பாரம் எண் 64 எதை அடித்திருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். அவ்வளவு நிச்சயமா? அந்தத் தாளில் என் அப்பாவின் தறி இருந்த மாதிரியே, ஏரிக்கரை முழுக்கச் சொல்லிவைத்த இன்னோர் அப்பாவும் இருந்தார். அதற்குமேல் நான் சொல்வதாக இல்லை.

ஆய்வேடு சென்னையில் நூலகத்தில் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். எடுத்துப் போனவர்களின் தேதியைக் குத்துகிற சீட்டு அட்டையில் ஒட்டியபடியே வெள்ளையாக இருந்தது. ஏழெட்டு வருஷத்தில் ஒரு முத்திரை இல்லை. என் பேச்சை நம்பவேண்டாம், நேரில் போய் எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூலகத்துக்கு அமாவாசையன்று விடுமுறை கிடையாது.