பொப்பம்

ஹாதியாவுக்கு வாய்க்குக் குறைவில்லை, பேசத்தான் ஆளில்லை. எர்ணாகுளத்துக் கல்லூரியில் அவள் வீட்டாரோடு போனில் தமிழ் பேசினால் மலையாளப் பெண்கள் "பாண்டி" என்று சிரிப்பார்கள். தென்காசியிலிருந்து வந்து படிக்கும் வசந்தியோ, "நீ பேசுறது தமிழாடி?" என்று கேட்டு அவளும் சிரிப்பாள். மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இடி. மதியச் சோற்றைத் தனியாகத் தின்னப் பழகிக்கொண்டாள்.

அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அல்தாஃப் வந்தான். பாலக்காட்டு ராவுத்தராம், இன்ஜினியரிங் படிக்கிறானாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவான். ஒருநாள் அவள், "இன்னைக்கு மீன்கறியும் பொப்பமும்" என்று எழுதினாள். பொப்பம் என்றால் அவள் வீட்டில் பப்படம். "அட, எங்க வீட்லயும் பொப்பம்னுதான் சொல்லுவோம்!" என்று பதில் வந்தது. ஹாதியா அன்று சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். உலகத்தில் இன்னொரு வீட்டிலும் தன் பாஷை இருக்கிறது!

கல்லூரிக்கு சைபர் போலீஸ் அதிகாரி வந்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் படம் அனுப்பாதீர்கள் என்று பேசியபோது அவளும் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினாள். முன்பின் தெரியாதவன் வேறு, பொப்பம் என்று சொல்கிறவன் வேறு. போனில் மைக் கேடு என்று சொல்லி அவன் ஒருமுறைகூடக் கூப்பிடாதது அவளுக்கு உறுத்தவே இல்லை. காது கேட்க விரும்பாததை யார் சொல்லி என்ன?

சனிக்கிழமை அவன் கேட்டான். தலையை மூடும் தட்டம் போடாமல், முடியை அவிழ்த்துவிட்டு ஒரு படம். "எனக்கு மட்டும். நம்ம ஆளுதானே நான்." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தும்விட்டாள். அனுப்பப் போகும்போது அம்மா சோறுண்ணக் கூப்பிட்டாள்.

அவன் பெயரைச் சொல்ல முடியாது. அவன் ஊரையாவது சொல்லிப் பார்க்க ஆசை. தட்டில் கை வைத்தபடி அத்தாவிடம் கேட்டாள்:

"பாலக்காட்டுல நம்ம ஆளுங்களும் பொப்பம்னுதானே சொல்றாங்க அத்தா?"

அத்தா பரீத் விழித்தார். அம்மா ரம்லத் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எந்த ஊர்லயும் சொல்லமாட்டாங்க, பிள்ளே. உன் அண்ணன் ஷமீருக்கு ரெண்டு வயசுல பப்படம்னு சொல்ல வராது. பொப்பம் வேணும்னு ஒரே கரைச்சல். அப்புறம் நாங்களும் அப்படியே சொல்லிட்டோம். நீ அதுக்கப்புறம்தானே பிறந்தே!"

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு அறைக்குப் போனாள். ஒருவேளை அவள் மனம் நோகாமலிருக்க அப்படிச் சொல்லியிருப்பானோ? அவனுக்காக அவளே வக்காலத்து வாங்கினாள். பிறகு நினைத்துப் பார்த்து, இல்லாத ஒரு வார்த்தையை உண்டாக்கி அவனுக்கு அனுப்பினாள்.

"எங்க வீட்ல மோருக்கு சளுப்பின்னு சொல்லுவோம். உங்க வீட்ல?"

இல்லை என்று சொல்லடா, கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

"செம! எங்க வீட்லயும் சளுப்பிதான். சரி, படம் எங்கே?"

படத்தை அழித்தாள். அவன் பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த அதிகாரி தந்துவிட்டுப் போன எண்ணுக்கு அனுப்பினாள். கணக்கைப் புகார் செய்து, பிளாக் செய்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சோத்தப் பாதியில விட்டுட்டு, போன்ல யாரு பிள்ளே?"

"யாருமில்லம்மா."

இத்தனை நாளும் இதே பதிலைப் பொய்யாகச் சொல்லி வந்தவள்தான். இன்று அது உண்மை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.