சுவர் இருந்த இடம்

வீட்டைக் கட்டிப் பார் என்றுதான் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். உடைத்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கணவன் அதைத்தான் செய்தான். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனுஷன், செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, பழைய வீட்டை வாங்கிப் புதுசாக்கி விற்றால் கொழுத்த லாபம் என்று கிளம்பிவிட்டான். அவர்கள் வாங்கிய முதல் வீடு அது. அவளுடைய நகையெல்லாம் அதற்குள்தான் போயிருந்தது.

டைல்ஸ் மாற்றி, குழாய் மாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தான். கொஞ்ச நாளில், சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல் ஓடியது. புட்டி மாவு குழைத்துப் பூசினான். முன்பைவிட நீளமாக வந்தது.

"ஒரு மேஸ்திரிய கூட்டிட்டு வந்து காட்டலாமேங்க."

"காட்டினா தூண் வை, கம்பி கட்டுன்னு ஆரம்பிப்பான். லாபம் பூரா அவன் பைக்குள்ள போயிடும். புட்டி காஞ்சா அப்படித்தான் கோடு விழும். நீ சும்மா பயந்து சாகாத."

அவள் பயந்துதான் செத்தாள். காலையில் துடைத்த தரையில் மதியம் வெள்ளைப் பொடி கிடக்கும். மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் விரிசலுக்குக் கீழே போகாமல் சுற்றிப் போவாள். அவரும் இதே வீட்டில்தானே இருக்கிறார், ஆபத்து என்றால் பெற்ற பிள்ளையை இங்கே வைத்திருப்பாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு இருந்த தைரியம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு நர்ஸும் அவள் புருஷனும் வருவதாக இருந்தது. அன்று காலையில் கணவன் விரிசல் மேல் இன்னொரு கோட்டிங் பெயிண்ட் அடித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்தும், ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

நர்ஸுக்கு ஹாலைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இடுப்பில் இருந்த குழந்தையைத் தரையில் விட்டாள். அது தவழ்ந்து, சுவர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து டைல்ஸைத் தட்டியது. இந்த வீட்டு நாலு வயசு மகளும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு காத்தோட்டமா இருக்கு பாருங்க. தொட்டில இங்கயே போட்டுக்கலாம்" என்றாள் நர்ஸ்.

"முன்பணம் இன்னைக்கே குடுத்திடுறோம்ண்ணே" என்றான் அவள் புருஷன்.

அந்த நேரம் பார்த்து மேலே எங்கேயோ லேசாக ஒரு சத்தம், காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. வந்தவர்கள் காதில் விழவில்லை. அவள் கணவன் மட்டும் சட்டென்று அண்ணாந்து பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "குட்டி, அப்பாகிட்ட வாடா" என்று மகளை அள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றான். வந்தவர்களின் குழந்தை அங்கேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாசலில் நின்றவனையே பார்த்தாள். இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் இத்தனை நாள் அவளைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறான். இந்த வியாபாரம் முறிந்தால் நகையும் போச்சு, நடுத்தெருதான். அதுவும் அவள் மனதில் ஓடாமல் இல்லை.

போய்க் குழந்தையைத் தூக்கினாள். நர்ஸின் கையில் கொடுத்தாள்.

"இங்க தொட்டில் போடாதீங்கம்மா. சுவர இடிச்சதுல மேல விரிசல் விட்டிருக்கு. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கோம்."

"என்ன உளறுற? ஒண்ணுமில்லைங்க, இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். வீடு கல்லு மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

"அப்படின்னா நம்ம குட்டிய கொண்டாந்து இங்க உக்கார வைங்க."

நர்ஸும் அவள் புருஷனும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி, கீழே இறக்கிவிடச் சொல்லிக் காலை உதறினாள். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.