இன்னொரு உன்ஜு

குழந்தை பிறந்து இருபத்தாறு நாளாகியும் அதற்குப் பெயர் வைத்தபாடில்லை. பதிவு செய்ய அரசாங்கம் கொடுத்திருப்பது ஒரே ஒரு மாதம். சொக்சோ என்ற கடற்கரை நகரத்தில், கடலைப் பார்த்த அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில், கிம் உன்ஜு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் மாமியார், பெயர் குறித்துக் கொடுக்கும் ஜோசியரிடம் எழுதி வாங்கி வந்த தாளை விரித்து வைத்திருந்தார். அதில் மூன்று பெயர்கள். முதலில் இருந்தது ஹாயுன்.

"நம்ம குடும்பப் பேரோட பேக் ஹாயுன். சொல்லிப் பாருங்க, வாயில கரையுது," என்றார் மாமியார்.

உன்ஜுவின் நாத்தனார் மிரான் குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, என் வகுப்புல பதினெட்டு பிள்ளைங்க. அதுல நாலு ஹாயுன். நெட்டை ஹாயுன், குட்டை ஹாயுன், கண்ணாடி ஹாயுன், அழுகுணி ஹாயுன். 'ஹாயுன், மூக்கைத் துடை'ன்னா நாலும் துடைக்குது."

"நல்ல பேரா இருக்கப் போயிதானே நாலு பேரு வைக்கிறாங்க! உங்க அப்பா உனக்கு மிரான்னு வச்சப்ப ஊருல மிரானே இல்லியா? நீ என்ன தேய்ஞ்சா போயிட்ட?"

"எங்க வகுப்புல மூணு மிரான் இருந்தோம். வாத்தியாரு நம்பர் போட்டுக் கூப்பிட்டாரு. நான் மூணாம் நம்பர். எனக்கு இன்னும் ஆறலை."

உன்ஜுவின் கணவன் தேசிக் வாய்விட்டுச் சிரித்தான். உன்ஜு சிரிக்கவில்லை.

"அந்தப் பேரு வேண்டாம் அத்தை."

"ஏன் வேண்டாம்?"

"நிறையப் பேருக்கு இருக்கு."

"சொல்றது யாரு பாரு! சந்தையில நின்னு 'உன்ஜு'ன்னு ஒரு சத்தம் போட்டா பாதி சந்தை திரும்பும்."

மாமியார் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் உன்ஜுவின் கை தன்னையறியாமல் இறுகியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. அதைச் சமாதானப்படுத்தும் சாக்கில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தேசிக்குக்கூட அவள் சொல்லாத ஒன்று உன்ஜு என்ற அந்தப் பெயரில் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பிரிவில் கிம் உன்ஜு என்று இரண்டு பேர் இருந்தார்கள். உயரத்தை வைத்து ஆசிரியர் பெரிய உன்ஜு, சின்ன உன்ஜு என்று பிரித்தார். இவள் சின்னவள். இருவருக்கும் ஒட்டுதல் எதுவும் இல்லை. ஒருத்தி மார்க்கு இன்னொருத்தி பெயரில் ஏறிவிடும், ஒருத்தி செய்த குறும்புக்கு இன்னொருத்தி முட்டி போடுவாள். அதனால் எதிரெதிரே வந்தால் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் பள்ளியிலிருந்து மலையடிவார ஓடைக்கு முகாம் கூட்டிப் போனார்கள். மேலே எங்கோ பெய்த மழை இவர்களுக்குத் தெரியவில்லை. கால் நனைக்கும் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் மார்புக்கு ஏறியது. மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரை மீட்டார்கள். மூன்றாவதை ஒரு மைல் கீழே பாறை இடுக்கிலிருந்து எடுத்தார்கள். சட்டையில் தைத்திருந்த துணிச்சீட்டில் கிம் உன்ஜு, ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு என்று இருந்தது.

போலீஸ்காரர் பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட கிம் உன்ஜுவின் வீட்டுக்குப் போன் செய்தார். அது சின்ன உன்ஜுவின் வீடு. அவள் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பெரிய உன்ஜுவின் அம்மாவுக்கு வேறு செய்தி போனது. பொண்ணு பத்திரமா இருக்கு, மாத்துத்துணி எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க.

பள்ளிக்கூடத்தில் சின்ன உன்ஜு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ வந்து அப்படியே அவளைக் கட்டிக்கொண்டார்கள். காய்ந்த கணவாய் மீனின் வாடை. "உன்ஜு, என் தங்கமே, உன்ஜு" என்று காதுக்குள் ஒரு குரல். தன் அம்மாவின் குரல் இல்லை என்று தெரிந்தும் அவள் அசையவில்லை. அந்தச் சூடு அவளுக்குத் தேவையாக இருந்தது. பிறகு அந்தக் கை கம்பளியை விலக்கியது. பெரிய உன்ஜுவின் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கைகளை உதறவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தாள். எடுத்துவிட்டு ஆசிரியரைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னொரு உன்ஜு எங்க?"

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிய தன் அம்மா அங்கே என்ன சொன்னாள், அழுதாளா சிரித்தாளா என்று உன்ஜுவுக்குக் கடைசிவரை தெரியாது. அன்றிலிருந்து சாகும்வரை அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாப்பா" என்பாள், "இங்க பாரு" என்பாள். ஊரும் அன்றிலிருந்து பெரிய உன்ஜுவின் அம்மாவை, மிஞ்சிய மகன் பெயரால் சங்கோ அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது.

இருபத்தெட்டாவது நாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட உன்ஜு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்பறை நிறைய தாய்மார்கள். "ஹாயுன்!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். மூன்று பேர் எழுந்தார்கள். "ஓ ஹாயுன்" என்று குடும்பப் பெயரைச் சேர்த்துத் திருத்தியதும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். இதில் ஒருத்தியின் வீட்டுக்குப் போக வேண்டிய போன் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகும் என்று ஏனோ உன்ஜுவின் மனம் கணக்குப் போட்டது.

"கிம் உன்ஜு குழந்தை!"

பெயர் வைக்காத பிள்ளையைத் தாய் பெயரில்தான் எழுதியிருந்தார்கள். உன்ஜு எழுந்தாள். எதிரே மீன்தொட்டி ஓரத்தில், முதுகில் பேரனைக் கட்டியிருந்த ஒரு கிழவியும் எழுந்தாள். எழுந்தவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். உன்ஜுவைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

முகம் மாறிப்போயிருந்தது. உன்ஜு அந்த விரல்களை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருக்க இடம் மீன்தொட்டி பக்கம் மட்டும்தான் இருந்தது.

"சின்ன உன்ஜுதானே நீ?"

"ஆமாங்க."

"உக்காரு, பயப்படாதே. அந்தப் பேரு காதுல விழுந்தா முட்டி தானா எந்திரிச்சுடுது. பேங்க்ல எந்திரிப்பேன், பஸ்ல எந்திரிப்பேன். என் மருமக தலையில அடிச்சுக்கிறா." குழந்தையை எட்டிப் பார்த்தாள். "பொண்ணா? என்ன பேரு?"

"இன்னும் வைக்கலை. ஹாயுன்னு வைக்கச் சொல்றாங்க. எனக்குப் பிடிக்கலைங்க. எங்க திரும்பினாலும் அதே பேரு. யாருக்குமே இல்லாத பேரா வைக்கணும்."

சங்கோ அம்மா முதுகிலிருந்த பேரனை மேலே ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"யாருக்குமே இல்லாத பேரா நான் வச்சிருந்தா, அவ போனதோட பேரும் போயிருக்கும். எத்தனை வருஷமா சந்தையில தெனம் யாராச்சும் ஒருத்தர் என் பிள்ளையைக் கூப்பிடறாங்க தெரியுமா? மொதல்ல நெஞ்சுல குத்துச்சு. அப்புறம் அதுக்காகவே கணவாய்க் கடையை உள்ளேருந்து தெருப்பக்கம் மாத்தினேன். இப்ப கொறைஞ்சுபோச்சு. இந்தக் காலத்துல யாரு பிள்ளைக்கு உன்ஜுன்னு வைக்கிறா? போன வாரம் முழுக்க ஒருதரங்கூடக் கேக்கலை."

உன்ஜு அந்த விரல்களைப் பார்த்தாள். "அன்னிக்கு... கையை எடுத்தீங்களே..."

"எடுத்தேன்." மறைக்கவில்லை அவள். "இது ஏன் நின்னுச்சு, அது ஏன் போச்சுன்னு நெனச்சேன். உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப வருஷம் நெனச்சேன். உன்னைத் தெருவில பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுவேன்."

"தெரியும். நானும்தான் போனேன்."

முதுகில் இருந்த பேரன் முனகினான். அவள் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒரே ஒரு தடவை கூப்பிடட்டுமா? என்னைப் பாக்க வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பிக்க. பதில் மட்டும் சொன்னா போதும்."

உன்ஜு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்ஜு."

தெருவில் யாரையோ அழைப்பதுபோல இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடும் குரல்.

"என்னம்மா?"

சொன்னது தான்தான் என்று உன்ஜுவுக்கு நம்பிக்கை வரவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் குரல் அது. ஆட்டத்தின் நடுவே கூப்பிட்டுவிட்டார்களே என்ற சலிப்புகூட அதில் இருந்தது. அவள் அப்படிப் பேச நினைக்கவேயில்லை.

"சோறு ஆறிப்போகுது. வா," என்றது பின்னாலிருந்த குரல்.

மடியிலிருந்த குழந்தை கண்ணைத் திறந்து, உன்ஜுவின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் பேரனின் பெயரைக் கூப்பிடுவதும், செருப்பு தேய நடந்து போகும் சத்தமும் கேட்டன. திரும்பியபோது இருக்கை காலியாக இருந்தது.

கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது உன்ஜு பதிவு அலுவலகத்துக்குப் போய், ஹாயுன் என்று எழுதிக் கொடுத்தாள். "இந்த மாசம் இது ஆறாவது," என்றார் குமாஸ்தா, பாராட்டா கேலியா என்று தெரியாத குரலில். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மிரான் போனில், "அஞ்சாவதையும் என் தலையிலயே கட்டப் போறியா?" என்று சண்டை போட்டாள்.

உன்ஜுவை அந்தப் பயம் விட்டுவிடவில்லை. கீழே விளையாட்டுத் திடலில் யாராவது ஹாயுன் என்று கத்தினால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து தொட்டிலில் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். மூச்சு படும்வரை அவளுக்கு மூச்சு வராது.

தேசிக்கிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வாரத்துக்கு ஒருநாள் இருவரும் சந்தைக்குப் போகிறார்கள். கணவாய்க் கடைக்கு இருபது அடி முன்னாலேயே அவன் பின்தங்கி நின்றுகொள்வான். அவள் குழந்தையோடு கடையைத் தாண்டும்போது, சந்தையே திரும்பும்படி குரல் கொடுப்பான்.

"உன்ஜு!"

அவள் பதில் சொல்லாமல் நடப்பாள். கடைக்குள்ளே முக்காலி நகரும் சத்தம் கேட்கும்.