நீலத் தொட்டி

மூன்றரை ஆகிவிட்டது. திரையில் வைஃபை பட்டியல் இன்னும் வெறுமையாகவே இருந்தது. டெட்லெஃப் தானே பாகங்களை வாங்கிப் பூட்டிய கணினி அது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கைகளுக்குத் திருகாணி புதிதல்ல. பெட்டி முதல் தடவையிலேயே உயிர்பெற்றது. வைஃபைக்கான டிரைவர் மென்பொருளை அழித்து, மறுபடி பென்டிரைவிலிருந்து ஏற்றிப் பார்த்தார். கருவி நலமாக இருக்கிறது என்றது கணினி. காற்றில் ஒன்றுமில்லை என்றும் அதுவே சொன்னது.

நான்கு மணிக்கு மகன் யோர்ன் அழைப்பான். அவன் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் சாயங்காலம் கிளம்பிவிட்டால் வசந்தம்வரை அவனைப் பிடிக்க முடியாது. பேச மட்டும் என்றால் கூடத்துத் தொலைபேசி போதும். ஆனால் பக்கவாதம் மனைவி ரோஸ்விதாவின் பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மகனிடம் சொல்ல அவளுக்கு மிஞ்சியிருப்பது முகம்தான். அப்பாவோடு முறைத்துக்கொண்டு போனவன், "அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கணினியை நேரடியாக இணைக்க ஒரு கம்பி வாங்கக்கூட ஊரில் கடை திறந்திருக்காது. வாங்கினாலும், வைஃபை பெட்டி இருப்பது மாடிப்படிக்கு அடியில் வீட்டுக்காரர் பூட்டிவைத்த அலமாரியில். அவரோ விடுமுறைக்குப் போயிருந்தார்.

ரோஸ்விதா இடது கையால் ஜன்னலைத் தட்டினாள்.

"குளிருதே, இப்ப எதுக்கு ஜன்னல்?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். கணினியின் முதுகைக் காட்டினாள். அங்கே இரண்டு பித்தளைக் குமிழ்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சிக்கானவை என்று அவர் விட்டுவைத்தவை. பிறகு காலால் தரையை மிதித்தாள். மறுபடி ஜன்னல்.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன், ரோஸி."

அவள் விரல் மட்டும் இறங்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார். முற்றத்தில் காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டி. அட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கித்தான் அதில் போட வேண்டும். நோய்க்குப் பிறகு ரோஸ்விதா விட்டுக்கொடுக்காத ஒரே வேலை அது. மதர்போர்டு வந்த பெட்டியை நேற்று அவளிடம் கொடுத்தவர் அவர்தான். அடித்தட்டைத் தூக்கிப் பார்க்காமலேயே.

செருப்பு மாட்டாமல் ஓடினார். தொட்டிக்குள் பாதி உடம்பு போனபோது கீழ்வீட்டு ஹின்ரிக்ஸ் அம்மாவின் கதவு திறந்தது.

"ஞாயித்துக்கெழம தொட்டியத் தொறக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கேனே, கண்ணு தெரியலயா?"

"போடல. எடுக்குறேன்."

"எடுத்தா மட்டும் சத்தம் வராதோ? பஸ்ஸ ஸ்டாப்புல நிறுத்தாமப் போவீரே, அப்பவும் இப்படித்தான் ஒரு பதில் வச்சிருப்பீர்."

"யோர்ன் கூப்பிடப் போறான். அவ அவனப் பாக்கணும்."

தொட்டிக்குள் அவர் குரல் உடைந்தது. அந்த அம்மா வந்து மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"நல்லாக் குனியும். அந்த எண்ணெய் படிஞ்ச பீட்சா அட்டை என்னோடது இல்ல, சொல்லிட்டேன்."

அடியில் கிடந்தது பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் பையில் இரண்டு கறுப்பு ஆன்டெனாக்கள். ஒன்று மிதிபட்டு முறிந்திருந்தது.

மேலே ஓடிவந்து, முழுசாய் இருந்ததைப் பித்தளைக் குமிழ் ஒன்றில் திருகினார். வைஃபை பட்டியலில் வீட்டுக்காரரின் பெயர் வந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சிக்னல் கோடு. தோன்றியது, மறைந்தது, தோன்றியது.

நான்கு தாண்டியிருந்தது. ரோஸ்விதா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவுக்கு நேரே உட்கார்ந்தாள். அவர் கணினிக்குப் பின்னால் மண்டியிட்டு, அந்த ஒற்றைக் கொம்பைப் படிக்கட்டின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். அங்கிருந்து திரை தெரியவில்லை. அவள் முகம்தான் தெரிந்தது. திரையின் வெளிச்சம் அதன்மேல் ஒரு கணம் மாறியது. அவள் இடது கை திரையை நோக்கி உயர்ந்து அசைந்தது.