கூத்தையா காலமான விதம்

மலையாண்டி சட்டம் படிக்கச் சென்னைப் பட்டணம் போன 1950ஆம் வருஷத்திலிருந்து, அவன் அங்கே பேசியதெல்லாம் சாயல்குடிக்கு வடக்கே அவன் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் மண்குதிருக்குள்ளிருந்து கேட்டது. மழை பொய்த்த வருஷம், குதிர் காலியாகத்தான் கிடந்தது. நெல் இருந்திருந்தால் சத்தம் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்பது ஊரார் கருத்து. அவன் பேச்சு மட்டும் கேட்கும், எதிராளி பேச்சு கேட்காது. முதல் மாதம் முழுக்க ‘எஸ் சார்’தான் வந்தது. பிறகு விடுதியில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிற குரல், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்கிற குரல், டிராமில் யார் காலையோ மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற குரல். கல்லூரியில் பையன்கள் பழகுவதற்காக நடத்திய பாவனைக் கோர்ட்டில் அவன் இங்கிலீஷில் வாதாடிய அன்று தெருவே கூடிவிட்டது. கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பிய மூக்கையா, இது ஆடு திருடிய வழக்கு என்று விளக்கினார். கப்பல் சரக்கு வழக்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் அந்த ஆட்டுத் திருடன்மேல் ஊரில் எல்லோருக்கும் கோபம் வந்திருந்தது.

அவனுடைய அய்யா கூத்தையா, வீரபத்திரன் நிலத்தில் பண்ணையாள். உழுதுவிட்டு வந்ததும் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டே மகன் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்பார். தாய் சோலையம்மாளுக்கு வேறு காது. கூட்டாளிகளிடம் அவன் ‘சாப்பிட்டாச்சு’ என்று சொன்னால், சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்; அன்றைக்கு அவளும் பட்டினி. கூத்தையா இதை ஒப்பமாட்டார். வக்கீலுக்குப் படிக்கிறவன் பொய் சொல்லமாட்டான், சொல்லச் சட்டம் விடாது என்பார். பெற்ற பிள்ளையை ஒரு மனிதன் அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது. இரண்டாம் வருஷத்தில் குதிருக்குள் ‘இங்கன’, ‘அங்கன’ என்ற பேச்சு நின்றுபோனது. பட்டணத்துத் தண்ணி அப்படி என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது.

படிப்பு முடிகிற சமயம், ஜூனியராகச் சேர இடம் கேட்டு மலையாண்டி மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீல் வீட்டுக்குப் போனான். “ராமநாதபுரம் ஜில்லா சார்” என்றது குதிர். பிறகு, “விவசாயம் சார்.” கடைசியில், “அப்பா இல்லை சார். தவறிட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு.” எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஒரு பழமொழி உண்டு; இங்கே குதிரே அதைச் சொன்னது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. வாய் தவறி வந்திருக்கும் என்றாள் சோலையம்மாள். கூத்தையா கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அங்கே சத்தம் ஒன்றும் இல்லை.

“படிச்ச புள்ள வருசத்தோட சொல்லுது. நமக்குத்தான் தெரியாமப் போச்சு” என்றார்.

மறுநாள் சேற்றில் அவர் கால்தடம் பதியவில்லை. செத்தவனிடம் வேலை வாங்குவது பாவம் என்று வீரபத்திரன் வேறு ஆள் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் தாலியை எடுக்க வந்தபோது சோலையம்மாள் விடவில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற மனுசனுக்கு எப்படித் தாலியறுப்பது என்று அழுதாள். கூத்தையாதான் அவளிடம் கெஞ்சினார்.

“கழத்திரு புள்ள. நீ போட்டிருந்தா அவன் சொன்னது பொய்யாப் போயிரும். நாளைக்குக் கோர்ட்டுல அவன் பேச்சை எவன் நம்புவான்?”

அவள் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அடுத்த தை மாதம் மலையாண்டி கறுப்புக் கோட்டோடு வந்தான். தாயின் வெறுங்கழுத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். எப்போது என்று கேட்டான்.

“நீ சொன்ன அன்னைக்குத்தான்யா” என்றாள்.

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கூத்தையா பக்கத்தில் நின்று கோட்டுத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருநாய்க்கும் தெரிந்த அந்த மனிதர் மகன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. இதைவிடக் கொடுமை எங்கள் பக்கம் நடந்ததில்லை.

தை அமாவாசைக்குத் தேவிபட்டினம் போய்த் திதி கொடுப்பதென்று முடிவாயிற்று. கூத்தையாவும் அதே பஸ்ஸில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கேட்கவில்லை. கடலுக்குள் நவபாஷாணக் கற்களுக்கு அருகே இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டார். மலையாண்டி, “கூத்தையா” என்றான். “இங்கனதான்யா நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கூத்தையா மகன் கைக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் ஏந்தினார். எள்ளும் தண்ணீரும் அதில் விழுந்தன.

மகன் அங்கிருந்தே பட்டணத்துக்கு ரயிலேறப் போய்விட்டான். பொழுது சாயும்போது கூத்தையா மட்டும் வீடு திரும்பினார். தண்ணீர் ஒரே உப்பாகக் கரித்ததாகவும், பிள்ளை கையால் வந்ததை எப்படித் துப்புவது என்று குடித்துவிட்டதாகவும் சொன்னார். சோலையம்மாள் பானையிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டு அவருக்குக் கொடுத்தாள்.