வடுக்காரியின் வயது

கடல்நாய் என்று தமிழில் சொல்லும் சீல்களின் கூட்டத்தில் அந்த ஒரு தாயை யோகாவுக்கு மூன்று வருடமாகத் தெரியும். முதுகில் சுறா கடித்து ஆறிய நீண்ட வடு இருந்ததால் வடுக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் அது தீவின் மேற்குப் பாறையில் ஏறிக் குட்டி போட்டது. சுற்றியிருந்த மற்றத் தாய்களின் குட்டிகள் பல அலையில் அடிபட்டும் பால் கிடைக்காமலும் செத்துக்கொண்டிருந்தன. யோகா பார்த்த வரையில் வடுக்காரியின் இரண்டு குட்டிகளும் கொழுத்து வளர்ந்து கடலுக்குப் போயின. மூன்றாவது குட்டி இப்போது பால் குடித்துக்கொண்டிருந்தது.

தீவு என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். மெல்போர்னுக்குத் தென்கிழக்கே, கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில், மரமோ புல்லோ இல்லாத பாறை. கொழும்பில் விலங்கியல் படித்துவிட்டு வந்த யோகா, தாயின் வயதுக்கும் குட்டி பிழைப்பதற்கும் என்ன தொடர்பு என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தாள். கணவர் கதிர்காமநாதன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். மெல்போர்னின் புறநகரான ஸ்பிரிங்வேலில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்கள்.

சீலின் வயதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல்லைக் குறுக்கே வெட்டி, உள்ளே வருடத்துக்கு ஒன்றாகப் படிந்திருக்கும் வளையங்களை எண்ண வேண்டும். பல் வேண்டுமானால் சுட வேண்டும். அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள். 1976 ஜனவரியில் யோகாவின் பேராசிரியரும் அதையே சொன்னார். அனுமதி வாங்குவது தன் பொறுப்பு, எந்தெந்தத் தாய்களைச் சுடுவது என்று அவள் காட்டித் தந்தால் போதும் என்றார்.

யோகா மறுத்துப் பேசினாள். மயக்க மருந்து கொடுத்து, உயிரோடு ஒரு சின்னப் பல்லைப் பிடுங்க முடியும் என்றாள். அவருக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் ஒன்றில் செய்து காட்டு, சரிவந்தால் துவக்கை எடுக்க மாட்டேன் என்றார். அவள் வடுக்காரியைத் தேர்ந்தாள். வேறெந்தச் சீலின் வயதையும்விட அதன் வயதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கு ஆசை.

மருந்தின் அளவை வீட்டுக் குசினி மேசையில் இருந்துதான் பேசிக்கொண்டார்கள். கதிர்காமநாதன் நிறையைக் கேட்டார். அவள் மதிப்பிட்டுச் சொன்னாள்.

"வயது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பல்லுப் புடுங்கிறன்?"

அவர் சிரித்துவிட்டு, நடுவயது என்று வைத்துக் கணக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் லீவு எடுத்துக்கொண்டு அவரும் கூட வந்தார். படகுக்காரன் லென் வலையைப் போட்டான். ஊசி ஏறியதும் வடுக்காரி தலையைக் கீழே வைத்தது. பல் சுலபமாக வந்தது. இரத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அது கண்ணைத் திறந்து குட்டியின் பக்கம் மூக்கை நீட்டியது. பயப்படாமல் இருக்கட்டும், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று யோகாதான் சொன்னாள்.

அவர்கள் தள்ளிப் போனதும் அது எழுந்து கடலை நோக்கி நகர்ந்தது. கால் துடுப்புகள் சொன்னபடி கேட்கவில்லை. பாறைச் சரிவில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தது. யோகா ஓடிப்போய்ப் பின்துடுப்பைப் பிடித்தாள். வழுக்கி, அவளும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். லென் அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்தான். வடுக்காரியின் தலை தண்ணீருக்கு மேலே வரவில்லை. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து பாறையில் மோதிய பிறகுதான் இழுத்தெடுக்க முடிந்தது. கதிர்காமநாதன் முழங்காலில் நின்று அதன் நெஞ்சை அமுக்கிக்கொண்டேயிருந்தார். போதும் என்று லென் சொல்ல வேண்டியிருந்தது.

"நடுவயதெண்டு நான் போட்ட கணக்குப் பிழை போல. வயது போன உடம்பு மருந்தைக் கழிக்க நேரம் எடுக்கும், யோகா" என்றார் கதிர்காமநாதன், கரைக்குத் திரும்பும்போது. "மனிசருக்கும் அப்படித்தான். நான் உம்மட்டச் சொல்லியிருக்க வேணும்."

"தள்ளி நிக்கச் சொன்னது நான்" என்றாள்.

தாய் இல்லாத குட்டியை வேறு சீல் சேர்க்காது. மிருகக்காட்சிசாலைக்கு யோகா ஃபோன் செய்தாள். இடமில்லை என்றார்கள். வீட்டில் வைத்துப் பசுப்பால் கொடுத்தால் வயிற்றால் போய்ச் சாகும் என்பது அவளுக்கே தெரியும். அடுத்த சனிக்கிழமை இருவரும் தீவுக்குப் போனார்கள். குட்டி அதே இடத்தில் கிடந்தது. தோல் தொங்கி, கழுத்தெல்லாம் கடிகாயம். கடலிலிருந்து ஏறிய ஒவ்வொரு தாயிடமும் கத்திக்கொண்டு போனது. மோந்து பார்த்த ஒவ்வொன்றும் அதைக் கடித்துத் தூக்கி எறிந்தது.

கதிர்காமநாதன் பையைத் திறந்தார்.

"நீர் படகில போய் இரும்."

"இல்லை. நான் பிடிக்கிறன்."

மடியில் வைத்ததும் அது அவளுடைய ஜாக்கெட் துணியை வாயால் துழாவிப் பால் தேடியது. ஊசி போட்ட பிறகும் கொஞ்சம் துழாவிவிட்டு நிறுத்தியது.

பல்லில் பதினெட்டு வளையங்கள் இருந்தன. அந்தப் பாறையில் அதுவரை வயது தெரிந்த எந்தத் தாயையும்விட மூத்தது. யோகா அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது பேராசிரியர் வருத்தம் தெரிவித்தார், உண்மையாகவே. பிறகு, ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இனிச் சுடுவதைத் தவிர வழியில்லை என்றார். குட்டியை ஏற்கெனவே இழந்த தாய்களை மட்டும் சுட்டால் என்ன என்று அவள் கேட்டாள். குட்டி பிழைத்திருக்கும் தாய்களின் வயதும் தெரியாமல் எதை எதோடு ஒப்பிடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த பைனாகுலரை மேசையில் வைத்துவிட்டு, தன்னால் காட்டித்தர முடியாது என்று சொல்லி வெளியே வந்தாள்.

மாசியில் வேறொரு மாணவன் காட்டிக்கொடுத்தான். சுட்டார்கள். அவற்றின் குட்டிகளை என்ன செய்தார்கள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

படிப்பை விட்டுவிட்டு யோகா ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் பேராசிரியரின் கட்டுரை வெளிவந்தது. முதல் குட்டி போடும் தாய்கள் குட்டிகளை அதிகம் இழக்கின்றன, நடுவயதுத் தாய்கள் குறைவாக, மிகவும் கிழடானவை மறுபடி அதிகம் என்று அதில் இருந்தது. வடுக்காரியின் கடைசிக் குட்டி கணக்கில் இல்லை. தாய் ஆராய்ச்சியில் இறந்ததால் அதைச் சேர்க்க முடியாது என்று அடியில் ஒரு வரி போட்டிருந்தார்கள்.

கதிர்காமநாதன்தான் அதை ஆஸ்பத்திரி நூலகத்திலிருந்து எடுத்துவந்தார். அவள் படித்து முடிக்கும்வரை எதிரே கதிரையில் இருந்தார்.

"பிழையா எழுதியிருக்கினமோ?"

"இல்லை" என்றாள் யோகா. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கினம்."

எழுந்து போய் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கினாள்.